கிடாரி கொடுத்த டான் வெஸ்ட்



இந்த வாரம் நாம் சொல்ல வந்தது ஒரு மாட்டுக் கதை. மாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, மங்கு துடைத்து, ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெயில் சாயுமுன் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போனவர்கள் நம் அப்பாவும் அம்மாவும்தான். லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டாய், அதிலே இரண்டு பசு, நாலு ஆடு. அந்தப் பாலை விற்ற காசில்தான் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மகள் கலியாணத்துக்கு நகை வாங்கியதும் அந்தக் காசில்தான்.

மாட்டின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் ஒரு கிடாரியைக் கொண்டு உலகத்தில் பசியையும் போரையும் எதிர்த்து நின்ற ஒரு மனிதரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் டான் வெஸ்ட். அமெரிக்கர். விவசாயி வீட்டுப் பிள்ளை. அவர் கதையை இன்று கேளுங்கள்.

பிறந்த மண்

டான் வெஸ்ட் பிறந்தது 1893-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி. ஊர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிரபிள் என்ற மாவட்டம். சோளக்காடும் மாட்டுப் பண்ணையுமாக உள்ள நாட்டுப்புறம் அது.

அவர் குடும்பம் பிரதரன் என்ற கிறிஸ்துவ சபையைச் சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் சபை அது. அவர்களுக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் மனுஷனை மனுஷன் கொல்லக்கூடாது, போருக்குப் போகக்கூடாது என்பதுதான் அது. ஆடம்பரம் கூடாது, உழைத்துச் சாப்பிட வேண்டும், கஷ்டப்படுகிறவனுக்குக் கை கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்ப்பார்கள்.

அந்தப் பிள்ளை இண்டியானா மாநிலத்து மான்செஸ்டர் கல்லூரியில் படித்தார். படித்து முடிக்கிற சமயத்தில் முதலாம் உலகப் போர் வந்துவிட்டது. ஊரிலுள்ள வாலிபர்களையெல்லாம் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள். டான் வெஸ்ட்டுக்கும் அழைப்பு வந்தது. ஆயுதத்தைக் கையில் எடுக்க என் மனச்சாட்சி இடம் கொடுக்காது என்று அவர் நின்றுவிட்டார்.

இதைச் சொல்வது லேசு. நாடே போர்வெறியில் இருக்கும்போது ஒருவன் தனியாக நின்று மாட்டேன் என்று சொல்வது லேசல்ல. கோழை என்பார்கள், துரோகி என்பார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்திலேதான் அவர் மனசில் ஒரு கேள்வி ஊன்றியது. போருக்குப் போகிறவன் உயிரையே கொடுக்கிறான். போர் வேண்டாம் என்கிற நான் சமாதானத்துக்காக என்னத்தைக் கொடுத்தேன்? வாயால் வேண்டாம் என்று சொன்னால் போதுமா?

அந்தக் கேள்வி அவரை ஆயுசு முழுக்க விடவில்லை. கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு தம் சபையில் இளைஞர்களுக்கு வழிகாட்டுகிற பணியில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், முகாம் முகாமாகத் தங்கி, சமாதானத்தைப் பற்றியும் எளிமையான வாழ்க்கையைப் பற்றியும் வாலிபர்களோடு பேசுவதே அவர் வேலை. லூசில் என்ற பெண்மணியைக் கலியாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் பிறந்தார்கள். வடக்கு இண்டியானாவில் ஒரு சின்னப் பண்ணையில் குடும்பம் நடந்தது.

ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகள்

1936-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசாங்கத்தின் பக்கம் ஒரு கூட்டம், தளபதி பிராங்கோவின் பக்கம் ஒரு கூட்டம். ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே பாஷை பேசுகிறவர்கள், சில இடத்தில் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்தது. வீட்டையும் வயலையும் விட்டு லட்சக்கணக்கான ஜனங்கள் அகதிகளாக ஓடினார்கள்.

குவேக்கர் என்ற சபையாரும் போரை எதிர்ப்பவர்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பாராமல் பசித்தவனுக்குச் சோறு போடுவது என்று அவர்கள் ஸ்பெயினில் நிவாரண வேலை தொடங்கினார்கள். பிரதரன் சபையும் அதிலே சேர்ந்துகொண்டு, 1937-ஆம் ஆண்டு டான் வெஸ்ட்டை அனுப்பி வைத்தது. அப்போது அவருக்கு வயசு நாற்பத்து மூன்று. வீட்டிலே சின்னப் பிள்ளைகள்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, பால்மாவைக் கரைத்து அகதிப் பிள்ளைகளுக்கு ஊற்றுவது. ஆளுக்கு ஒரு குவளை. வரிசை பெரிசு, பால் கொஞ்சம். இன்றைக்கு வந்த பிள்ளை நாளைக்கும் வரும். நாளைக்குப் பால்மாவு இருக்குமோ இருக்காதோ, யாருக்குத் தெரியும்? கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

இருக்கிறதை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பது? அந்தக் கணக்கையும் அவர்களேதான் போட வேண்டியிருந்தது. பெற்றவர்களே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஊற்றினால் இன்னொரு பிள்ளைக்குக் கிடையாது. கிடைக்காத பிள்ளை பிழைக்குமா என்பது சந்தேகம். இப்படி ஒரு கணக்கை எந்தத் தகப்பன் போடுவான்? டான் வெஸ்ட் தம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டார். இண்டியானாவில் அவர்களுக்குப் பாலுக்குக் குறைவில்லை. பண்ணையைச் சுற்றிப் புல்லுக்கும் குறைவில்லை.

ஒரு நாள் ஒரு வாதுமை மரத்தடியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குவளைப் பால் கொடுத்தால் இன்றைக்குப் பசி தீரும். நாளைக்கும் இந்தப் பிள்ளை நம் கையைத்தான் பார்க்கும். நாம் போய்விட்டால்? இவர்களும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தான். மாடு மேய்க்கத் தெரியும், புல்லறுக்கத் தெரியும், பால் கறக்கத் தெரியும். இல்லாதது மாடு ஒன்றுதான். அப்படியானால் பாலைக் கப்பலில் ஏற்றுவதைவிட மாட்டையே ஏற்றினால் என்ன?

எதற்குக் கிடாரி?

இந்த இடத்தில் நம்ம ஊர் மாட்டுக்காரர் ஒருவர் கேட்பார்: கறவை மாட்டையே கொடுத்தால் வந்த அன்றைக்கே பால் கறக்கலாமே, எதற்குக் கிடாரி?

டான் வெஸ்ட்டும் விவசாயிதான், யோசிக்காமல் இருப்பாரா? கறவை மாட்டைக் கப்பலில் ஏற்றினால் வழியெல்லாம் தினம் இரண்டு வேளை கறந்தாக வேண்டும். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொண்டு நோய் வரும். வயசான மாட்டுக்குக் கடல் பிரயாணம் தாங்காது. கன்று போடாத இளம் கிடாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. சினைப்பட்ட கிடாரியாகப் பார்த்து அனுப்பினால், போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கேயே ஈனும். வாங்கிய குடும்பத்துக்குப் பாலும் உண்டு, கன்றும் உண்டு. அந்த மாடு இன்னும் பல வருஷம் ஈனும். ஒரு உருப்படி கொடுத்தது போலத் தெரியும். நிஜத்தில் ஒரு கொட்டாயையே கொடுத்தது போல.

அதோடு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். இந்த நிபந்தனையிலேதான் அந்த மனிதரின் பெருமை இருக்கிறது. கிடாரி வாங்குகிற குடும்பம், அது போடுகிற முதல் பெண் கன்றை வளர்த்து, தன்னைப் போலவே கஷ்டப்படுகிற இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் குடும்பமும் அதே போல மூன்றாவது குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இதிலே என்ன விசேஷம் என்கிறீர்களா? தானம் வாங்குகிறவன் தலை குனிந்து நிற்பான். கை நீட்டி வாங்கும்போது மனசு கூசும். அது நமக்குத் தெரியாததா? ஆனால் இன்றைக்கு வாங்கியவன் நாளைக்குக் கொடுக்கப் போகிறவன் என்றால், குனிந்த தலை நிமிர்ந்துவிடும். வாங்கியது தர்மம் அல்ல, கைமாற்று. கடனை, கொடுத்தவனுக்குத் திருப்பிக் கட்டாமல் தன் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கட்டுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கன்றை ஓட்டிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கட்டுகிற அன்றைக்கு, அவனும் கொடுக்கிற கை உள்ளவன் ஆகிவிடுகிறான்.

ஆறு வருஷம் காத்திருந்தார்

1938-ஆம் ஆண்டு தொடக்கத்தில் டான் வெஸ்ட் ஊர் திரும்பினார். வந்ததும் அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் இந்த யோசனையைச் சொன்னார். எல்லோரும் உடனே கை தட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். கடல் தாண்டி மாடு அனுப்புவதாவது, செலவு என்ன ஆகும், வழியிலே செத்துப் போனால் யார் பொறுப்பு, பசியிலே இருப்பவன் கிடாரியை அடித்துத் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஆளுக்கு ஒரு கேள்வி. எல்லாம் நியாயமான கேள்விதான். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1939-ஆம் ஆண்டு வடக்கு இண்டியானாவிலுள்ள அவர் சபையார் இந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு விவசாயி தாம் ஒரு கன்று தருவதாகச் சொன்னார். இன்னொருவர் அதை வளர்த்துத் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் தீவனம் என் பொறுப்பு என்றார். பார்த்தீர்களா? பணக்காரர் ஒருவர் செக்கு எழுதிக் கொடுத்து ஆரம்பித்த காரியமல்ல இது. ஆளுக்குக் கொஞ்சம் தோள் கொடுத்து ஆரம்பித்தது. முதல் கிடாரிக்கு ஃபெய்த் என்று பெயர் வைத்தார்கள். விசுவாசம் என்று அர்த்தம். அதற்கடுத்து வந்தவற்றுக்கு ஹோப், சாரிட்டி என்று பெயர். நம்பிக்கை, அன்பு என்று பொருள்.

1942-ஆம் ஆண்டு பிரதரன் சபை நாடு முழுவதற்கும் இதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. வேறு சபையாரும் வந்து சேர்ந்தார்கள். பண்ணை பண்ணையாகக் கிடாரிகள் வளர்ந்தன. ஆனால் அனுப்ப வழியில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கடலெல்லாம் நீர்மூழ்கிக் கப்பல்கள். ஐரோப்பாவுக்குப் போகிற கப்பலில் துப்பாக்கிக்கு இடமிருந்தது, மாட்டுக்கு இடமில்லை. எந்தப் பிள்ளைகளை நினைத்து இந்தத் திட்டம் பிறந்ததோ, அந்த ஸ்பெயின் தேசத்துக்கு அப்போது போக முடியவில்லை.

அதனால் சோர்ந்துவிட்டார்களா? இல்லை. எங்கே போக முடியுமோ அங்கே அனுப்புவோம் என்று தீர்மானித்தார்கள். 1944-ஆம் ஆண்டு 17 கிடாரிகள் அமெரிக்காவின் தென்கரையிலிருந்து கப்பலேறிப் புவர்ட்டோ ரிக்கோ என்ற தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு அது. தோட்டம் இன்னொருவனுக்கு, வேர்வை மட்டும் நமக்கு என்று வாழ்ந்த ஏழைக் கூலிகள் அங்கே ஏராளம். பால் என்றால் என்னவென்றே ருசித்தறியாத பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு அந்தக் கிடாரிகள் போயின. பதினேழு மாடு என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் வாதுமை மரத்தடியில் தோன்றிய எண்ணம் ஆறு வருஷத்துக்கப்புறம் கொட்டாயில் கட்டிய மாடாக ஆனது.

கப்பலேறிய மாட்டுக்காரர்கள்

1945-இல் போர் முடிந்தது. ஐரோப்பாவைப் பார்த்தால் சுடுகாடு மாதிரி இருந்தது. போலந்து, கிரீஸ் போன்ற நாடுகளில் உழ மாடில்லை, குதிரையில்லை, பிள்ளைக்குப் பாலில்லை. பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனது பாதி, தின்றது பாதி. ஐக்கிய நாடுகளின் நிவாரண ஸ்தாபனம் ஒன்று அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகளையும் மாடுகளையும் அனுப்பத் தொடங்கியது.

கப்பல் இருக்கிறது, மாடு இருக்கிறது, வழியிலே அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? அந்த ஆட்களைத் திரட்டித் தருகிற பொறுப்பைப் பிரதரன் சபை ஏற்றுக்கொண்டது. 1945 முதல் 1947 வரை சுமார் 7,000 ஆண்கள் அப்படிக் கப்பலேறினார்கள். பதினாறு வயசுப் பையனும் இருந்தான், எழுபதைத் தாண்டிய தாத்தாவும் இருந்தார். பண்ணையாள், கல்லூரி மாணவன், பாதிரியார், வாத்தியார் என்று எல்லாத் தரத்தாரும் இருந்தார்கள். ஒரு பயணத்துக்கு 150 டாலர் சம்பளம். சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, புயலில் கால் முறிந்த குதிரையைத் தூக்கி நிறுத்துவது, நடுக்கடலில் கன்று போடுகிற மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பது, இதுதான் வேலை. கப்பல் ஆட்டத்தில் மாட்டைவிட மாட்டுக்காரனுக்குத்தான் தலைசுற்றல் அதிகம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ஸ்தாபனத்தின் மூலம் போன உருப்படிகள் மொத்தம் மூன்று லட்சத்தை ஒட்டும். அவற்றில் டான் வெஸ்ட்டின் திட்டத்து விவசாயிகள் இனாமாகக் கொடுத்தவை சில ஆயிரம்தான். ஆனால் அந்தச் சில ஆயிரத்துக்குத்தான் முதல் பெண் கன்றைக் கைமாற்றுகிற நிபந்தனை உண்டு. அதனால் கப்பல் நின்ற பிறகும் அவை நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு நடந்துகொண்டே இருந்தன.

இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். போரில் எதிரியாக இருந்த ஜெர்மனிக்கும் கிடாரிகள் போயின. ஜப்பானுக்கு ஆடுகள் போயின. மகனைப் போரில் பறிகொடுத்த அமெரிக்க விவசாயி, தன் கொட்டாயில் வளர்ந்த உருப்படியை அந்த எதிரி நாட்டுப் பிள்ளைக்கு அனுப்புவது என்றால் எத்தனை பெரிய மனசு வேண்டும்! ஜப்பான்காரன் காலத்தை நம் முன்னோர்கள் மறக்கவில்லை. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர் நம் குடும்பங்களில்! அப்படிப்பட்ட நமக்கு இதைக் கேட்கும்போது மனசு ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்யும். ஆனால் பால் குடிக்கிற பிள்ளைக்கு எந்தப் பட்டாளமும் சொந்தமில்லை. டான் வெஸ்ட் கண்ட உண்மை அதுதான்.

கொரியப் போர் நடந்தபோது, 1952-இல், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அடை முட்டைகளை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். குஞ்சு பொரித்து, கோழி வளர்த்து, அந்த நாட்டு ஜனங்கள் மறுபடி தலையெடுக்கட்டும் என்பதற்காக. மாடு முடியாத இடத்துக்கு ஆடு, ஆடு முடியாத இடத்துக்குக் கோழி, முயல், தேனீ என்று திட்டம் விரிந்தது.

மாடு மட்டும் போதுமா?

ஆகா, மாட்டைக் கொடுத்தால் வறுமை ஓடிவிடும் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட மாட்டோம். மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், மாடு ஒரு வாய். அது தின்ன வேண்டும். புல்லில்லாத ஊரில், தண்ணியில்லாத காட்டில், சீமை மாட்டைக் கொண்டு போய்க் கட்டினால் அது குடும்பத்துக்குப் பாரம்தான். வெயில் தாங்காது, உண்ணி கடிக்கும், வைத்தியர் கிடையாது. பசித்த குடும்பம் தான் தின்பதா, மாட்டுக்குப் போடுவதா?

இந்தப் பாடத்தை அந்த ஸ்தாபனமும் போகப் போகக் கற்றுக்கொண்டது. மாடு வருமுன் கொட்டாய் கட்ட வேண்டும், தீவனப் புல் நட வேண்டும், நோய் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். மாடு கொடுப்பதற்கு முன்னால் பயிற்சி கொடுப்பது வழக்கமாயிற்று.

பின்னாளில் படித்தவர்களும் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். வங்காள தேசத்தில் பிராக் என்ற ஸ்தாபனம் 2002-ஆம் ஆண்டிலிருந்து பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாடோ ஆடோ கொடுத்து, அதோடு கொஞ்ச காலம் சாப்பாட்டுச் செலவும் கொடுத்து, சேமிப்பும் பழக்கி, வாரா வாரம் வீடு தேடி வந்து யோசனையும் சொன்னது. அதே முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், பெரு என்ற ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. உதவி நின்று ஒரு வருஷம் ஆன பிறகும் அந்தக் குடும்பங்கள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டன, சொத்தும் கொஞ்சம் சேர்ந்திருந்தது என்று கண்டார்கள். மாட்டோடு கூடப் பழக்கமும், பக்கபலமும், கொஞ்சம் பொறுமையும் சேர்ந்தால்தான் பலன் என்பது இதிலே தெரிகிறது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்று ஒரு சின்ன நாடு. 1994-இல் அங்கே நடந்த இனப்படுகொலையில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்த நாட்டு அரசாங்கம் 2006-இல் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு என்று ஒரு திட்டம் தொடங்கியது. அங்கேயும் அதே நிபந்தனை: முதல் பெண் கன்று பக்கத்து வீட்டுக்கு. வெட்டிக்கொண்ட ஜனங்கள் கன்றைக் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்றால், டான் வெஸ்ட் ஸ்பெயினில் நினைத்தது வீண் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

மனிதர் எப்படி?

இத்தனை பெரிய காரியத்தைத் தொடங்கியவர், அதன் தலைவர் நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாரா? அதுதான் இல்லை. திட்டம் நடக்க ஆரம்பித்ததும் நிர்வாகத்தை மற்றவர்கள் கையில் விட்டார். தாம் பழையபடி இளைஞர்கள் நடுவில் சமாதானப் பிரசாரத்துக்குப் போய்விட்டார். 1953-இல் அந்தத் திட்டம் தனி ஸ்தாபனமாகப் பதிவாயிற்று. அங்கே அவர் பெயர் இருந்தது, அதிகாரம் வேண்டும் என்று அவர் அலையவில்லை. முதல் கன்றைக் கைமாற்றச் சொன்னவர், தம் பிள்ளை போன்ற ஸ்தாபனத்தையும் அப்படியே கைமாற்றிவிட்டார்.

பிற்காலத்தில் அவருடைய சபை அவரைத் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பாதிரியார்கள் வகிக்கிற அந்த ஸ்தானத்துக்குப் பாதிரியார் அல்லாத ஒருவர் வந்தது பெரிய மரியாதை.

1971-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், எழுபத்தேழாம் வயசில், டான் வெஸ்ட் காலமானார். அவர் தொடங்கிய ஸ்தாபனம் ஹெய்ஃபர் இண்டர்நேஷனல் என்ற பெயரில் அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வேலை செய்கிறது. ஹெய்ஃபர் என்றால் கிடாரி. 2010-ஆம் ஆண்டு அந்த ஸ்தாபனத்தை நடத்தி வந்த அம்மையாருக்கு உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. விதை போட்டவர் கண்ணால் பார்க்கவில்லை. மரம் நிற்கிறது.

நமக்கு என்ன?

இதையெல்லாம் நமக்கு எதற்குச் சொல்கிறோம்?

நம் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நிலமும் பல இடங்களில் வீட்டு மனையாகிப் போனது. மாடு கட்டாதே, கொட்டாயைப் பிரி என்று உத்தரவு வந்து, கண்ணீரோடு பசுவை விற்றவர்கள் நம்மிலே உண்டு. விற்ற காசு ஒரே மாசத்தில் கரைந்து போனது. பசு இருந்திருந்தால் இன்னும் கறந்துகொண்டிருக்கும். சம்பளம் குறைந்த மாசத்திலும், மழையில் வேலை நின்ற நாளிலும் நம் அடுப்பை எரிய வைத்தது அந்தக் கொட்டாய்தான் என்பதை அது போன பிறகுதான் நாம் உணர்ந்தோம்.

தீபாவளி வந்தால் நமக்கு அரிசி மூட்டை வரும், எண்ணெய்ப் போத்தல் வரும், பிஸ்கட் டின் வரும். வரிசையில் நின்று வாங்குவோம், போட்டோ பிடிப்பார்கள். கொடுக்கிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. பசிக்கிற நேரத்துக்கு அரிசியும் வேண்டியதுதான். ஆனால் பத்து வருஷம் அரிசி வாங்கிய குடும்பம் பதினோராவது வருஷமும் அதே வரிசையில் நின்றால், எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

நம் சங்கங்களும், கோயில் நிர்வாகங்களும், கையில் நாலு காசு உள்ளவர்களும் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். மாடு வைக்க இடமில்லாத இடத்தில் மாடுதான் வேண்டும் என்பதில்லை. விதவைத் தாய்க்கு ஒரு தையல் மிஷின், படிப்பு நின்ற பையனுக்குத் தொழில் கற்க ஒரு வழி, இடமிருக்கிற வீட்டுக்கு இரண்டு வெள்ளாடு. வெள்ளாடு ஐந்து மாசத்தில் குட்டி போடும், சில நேரம் இரட்டையாகவே போடும். கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: நீ தலையெடுத்ததும் இதே போல இன்னொரு வீட்டுக்குச் செய். கேட்கிறவன் முகத்தைப் பாருங்கள். அவன் அதைப் பிச்சையாக வாங்க மாட்டான், பொறுப்பாக வாங்குவான்.

ஸ்பெயினில் பால் ஊற்றிய அந்தக் கை குவளையோடு நின்றிருந்தால், ஒரு நல்ல மனிதர் என்று நாலு பேர் சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். அந்தக் கை குவளையை வைத்துவிட்டுக் கிடாரியின் கயிற்றைப் பிடித்தது. அந்தக் கயிறு வீட்டுக்கு வீடு கை மாறி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

நம் வீட்டு வாசலுக்கும் ஒரு நாள் அந்தக் கயிறு வரலாம். வந்தால் வாங்கிக்கொள்வோம், வெட்கப்பட வேண்டாம். வாங்கியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.